துவைக்காத துணி

மாடி பெருக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவரோரத்தில் தொடங்கி நடுவுக்கு வரவேண்டும். நடுவில் தொடங்கினால் தூசு சுவருக்குப் போய் ஒண்டிக்கொள்ளும். மறுநாள் அதே தூசு திரும்பி வரும். அவள் சுவரோரத்தில் தொடங்குகிறவள். விடியலில் வந்ததும், அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. மொட்டை மாடியின் மூலையில் கம்பி வேலிக்குள் ஒரு பெட்டி நிற்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் மேலே போய்க் குடை மாதிரியான மூடியில் முடிகிறது. அந்த மூடியைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பின் துண்டு ஒன்றைப் போர்த்தி, நழுவாதபடி கயிற்றால் கட்டிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள்.

கட்டடம், காற்று மாசுக் கட்டுப்பாட்டு வட்டார அலுவலகம். தெருவில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. காத்து ஆபீஸ். அந்தப் பெட்டி இரவும் பகலும் ஊரின் காற்றைக் குழாய் வழியாக இழுக்கும். அதில் எவ்வளவு தூசு, எவ்வளவு புகை என்று கணக்கிட்டுக் கீழே இருக்கிற திரைக்கு அனுப்பும். வாசல் பலகையில் அதற்கேற்ற விளக்கு எரியும். பச்சை என்றால் நல்ல காற்று. சிவப்பு என்றால் கெட்டது. சிவப்பு விடாமல் எரிந்தால் சுற்றியிருக்கிற பட்டறைகளுக்கு அலுவலகம் தாக்கீது அனுப்பி உலையை அணைக்கச் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு நாளுக்குப் பிறகு காலை வேளையில் அங்கே சிவப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

மூடச் சொன்னவர் பழைய சூப்பர்வைசர். மாற்றலாகிப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"நீ பெருக்குற தூசெல்லாம் அதுக்குள்ள போவுதாம்மா. சிவப்பு காட்டுது. மேலேர்ந்து ஏன் எதுக்குன்னு கேக்குறாங்க. பெருக்கும்போது மட்டும் மூடிட்டுப் பெருக்கு" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை அவளே செய்தாள். பெருக்கி முடித்த உடனே தூசு படிந்துவிடாது, கொஞ்ச நேரம் மிதக்கும் என்பது பெருக்குகிற எவளுக்கும் தெரியும். அதனால் துணியைக் கட்டியபடியே விட்டுவிட்டுக் கீழே இறங்குவாள். படிக்கட்டு, தாழ்வாரம், அதிகாரிகளின் அறைகள், கழிப்பறை எல்லாம் துடைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வலிக்கிற முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடியும் மாடி ஏறுவாள், துணியை அவிழ்ப்பதற்காக மட்டும். பெட்டி விலை கூடின பொருள். மறுபடி ஏறு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஏறுகிறாயே என்று யாரும் மெச்சியதும் இல்லை.

வாரம் ஒரு தடவை துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பாள். முதல் தண்ணீர் தார் மாதிரி போகும். இரண்டாவது தண்ணீரும் கறுப்புத்தான். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு நிறைவு. இவ்வளவும் உள்ளே போயிருந்தால் பெட்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

வீடு பட்டறையின் பின்சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது. பழைய இரும்பையும் உடைந்த வண்டிகளின் பாகங்களையும் கொட்டி உருக்குகிற பட்டறை. பெயிண்டோடு, ரப்பரோடு, கம்பியின் மேல்தோலோடு அப்படியே போடுவார்கள். விடிகிற நேரத்தில் உலையின் மூடியைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் காற்று அசையாது. குளிர் மாதங்களில் இன்னும் மோசம். புகை மேலே போகாமல் கூரைகளின் மேல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். வெயில் ஏறிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் எழுந்து போய்விடும். புகார் வாங்க அதிகாரிகள் வருகிற நேரத்தில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

மூடியைத் திறக்கிற ஆள் அவளுடைய புருஷன். உலைக்காரன் என்றுதான் தெருவில் பேர். அதிகம் பேசமாட்டான். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் சிவந்திருக்கும், உலைக்குக் காட்டுகிற பக்கம்.

அவர்களுடைய மகளுக்கு மூச்சு இழுத்தது. குழந்தையாக இருந்தபோது எப்போதாவது வந்தது, இப்போது காலைதோறும். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்க, பேசாமல் இருப்பாள். பேசினால் மூச்சு செலவாகும் என்று அந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். தொண்டைக்குள் பூனை கத்துகிற சத்தம். மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து அழுத்தினால் கொஞ்சம் தணியும்.

"இடம் மாத்திப் பாருங்கம்மா" என்று டாக்டர் சொன்னார். சட்டை மாற்றிப் பாருங்கள் என்பதுபோலச் சொன்னார்.

அந்த வீட்டில் வாய் என்று இருந்தது நாத்தனாருக்குத்தான். உலைக்காரனின் தங்கை. தையல் கடையில் வேலை. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். தெருவைத் திரட்டிக் காத்து ஆபீசுக்கு அழைத்துப் போனதும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் அங்கே அதே பதில்.

"எங்க மெஷின்ல அப்படி ஒண்ணும் வரலையேம்மா. காலையில எல்லாம் பச்சைதான்."

"மெஷினுக்கு ஜலதோஷம் போல சார். மோந்து பாக்க முடியல" என்பாள் நாத்தனார்.

வீட்டில் பிள்ளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளே, "ஏண்டி, அங்க பச்சை எரியுது, நீ என்ன இங்க இருமிக்கிட்டு இருக்க? ஆபீசரவிட உனக்கு அதிகமாத் தெரியுமா?" என்று முதுகைத் தடவிவிடுவாள். பிள்ளை சிரிக்கப் பார்க்கும். சிரிப்பும் மூச்சுச் செலவு. பாதியில் நின்றுவிடும்.

பட்டறையின் அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அலுவலகம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தது. தெரு முழுக்க அந்தக் கூட்டத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. உலைக்காரன் மட்டும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தட்டில் இருக்கிற ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடினால் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை டெக்னீஷியன் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்தான். மதியம் கூட்ட வேலை இருந்ததால் பெட்டியைச் சரிபார்க்கிற வேலையை முதலில் முடிக்க நினைத்திருக்கிறான். அவள் தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்தபோது படியில் ஏறிப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏம்மா! இங்க வாங்க. யாரு இதக் கட்டினது?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள்.

"நான்தான் சார். தூசு போவக் கூடாதுல்ல."

"மூக்கப் பொத்திட்டா அது எப்படிம்மா மோந்து பாக்கும்?" என்று அவன் இன்னும் சிரித்தான். பிறகு, "எவ்வளவு நேரம் கட்டியிருக்கும்?" என்றான்.

"பெருக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. எல்லாம் முடிச்சுட்டு வந்துதான் அவுப்பேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"தினமும் சார். நான் சேந்ததுலேர்ந்து."

அவனுடைய சிரிப்பு நின்றது. துணியை அவிழ்த்தான். உள்பக்கத்தைப் பார்த்தான், வெளிப்பக்கத்தைப் பார்த்தான். வெளிப்பக்கம் அடுப்புக்கு அடியில் கிடந்த சாக்கு மாதிரி இருந்தது. பட்டறையின் பக்கம் திரும்பினான். அங்கே மூடி திறந்திருந்தது. பழுப்பும் கறுப்புமாகப் புகை கவிழ்ந்து, தெருவின் கூரைகள் எதுவும் தெரியவில்லை. அந்தக் கூரைகளில் ஒன்று அவளுடையது. அவளும் பார்த்தாள்.

"அப்ப... காலையில அது மூச்சே விடலயா சார்?" என்றாள்.

"விட்டுச்சு. உங்க துணி வழியா. வடிகட்டின காத்து."

துணி இல்லாத குழாய் காற்றை இழுத்தது. அவள் கீழே இறங்கி வந்தபோது வாசல் பலகையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் அதை அண்ணாந்து பார்த்து, "பல்பு போயிடுச்சா?" என்று கேட்டார்.

வட்டாரப் பொறியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தினமும் அவள் துடைக்கிற அறை. அன்றுதான் அதில் முதன்முதலாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"நீங்க வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும்" என்றார் அவர். தன்மையான குரல். "ஆனா இது வெளிய போச்சுன்னா என்னாகும் தெரியுமா? இத்தன நாள் எடுத்த பதிவு மொத்தமும் செல்லாது. எங்க ஆபீஸ்மேல யாருக்கும் நம்பிக்கை இருக்காது. பட்டறைக்காரங்க அதையே பிடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போவாங்க. யாருக்கு நஷ்டம்? உங்க தெருவுக்குத்தான்."

"நாளைக்கு கூட்டத்துல காலையில காத்து நல்லாருக்குன்னு படிப்பீங்களா சார்?"

அவர் பேனாவை மூடித் திறந்தார்.

"இருக்கிற பதிவத்தான் படிக்க முடியும். கூட்டம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். நீங்க ஒப்பந்த ஆள். யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாற்காலியிலிருந்து எழுந்தபோது, தான் உட்கார்ந்த இடத்தைப் பழக்கத்தில் கையால் ஒரு தடவை துடைத்தாள். துடைத்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வருவதற்கு முன் தன் கைமேல் வந்தது.

துணியை டெக்னீஷியன் வேலிக் கம்பியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் அதை உதறாமல் மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அலமாரியின் மேல்தட்டில், பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் கடையிலிருந்து வருவதற்குள் புருஷனிடம் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவன் முகம் கழுவிவிட்டு, துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நாளைக்கு நான் எந்திரிச்சு சொல்லப் போறேன்" என்றாள். "துணியக் காட்டப் போறேன்."

அவன் தரையில் சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்தான்.

"ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்றது?"

"சொல்லுன்னு சொல்லு. இல்ல சொல்லாதன்னு சொல்லு. கல்லு மாதிரி உக்காந்திருந்தா?"

"உன் வேலையும் போவும். என் வேலையும் போவும்" என்றான்.

"பிள்ளைக்கு மூச்சு போவுது. அத எந்தக் கணக்குல வெக்கிற?"

அவன் பிள்ளை இருந்த பக்கம் பார்த்தான். அவள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். சாயங்காலங்களில் நன்றாக இருப்பாள். அவள் வரைகிற வீடுகளின் மேல் எப்போதும் புகை இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வரைவார்கள் என்று அம்மாக்காரி நினைத்திருந்தாள்.

நாத்தனாரிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தாள். ஆனால் வந்ததும் வராததுமாக அவள், "அண்ணி, காத்து ஆபீஸ்ல இன்னைக்கு சிவப்பு எரிஞ்சுதாமே! தெருவே திருவிழா மாதிரி நின்னு பாத்துச்சாம். என்னாச்சு?" என்று கேட்டபோது மறைக்க முடியவில்லை.

நாத்தனார் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"அங்க நீ தொறந்திருக்க. அதே நேரத்துல இங்க இவங்க மூடியிருக்காங்க. என்னா பொருத்தம்டா சாமி! நடுவுல நான் ஒரு பைத்தியக்காரி, மனு எழுதிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுண்ணி. உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, பொட்டிக்கும் தெரியாது. இவளுக்கு மட்டும்தான் தெரியும்" என்று பிள்ளையைக் காட்டினாள். பிறகு குரல் இறங்கி, "துணி எங்க? துவைச்சுடலயே?" என்றாள்.

"மேல இருக்கு."

"அது ஒண்ணுதான் அண்ணி சாட்சி. பத்திரம்."

உலைக்காரன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

விடியும்போது அவள் எழுந்தாள். அவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். பின்பக்கக் கொடியில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

கிட்டே போகாமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் போனாள். தொட்டாள். ஈரம். கயிறு மாதிரி முறுக்கிப் பிழிந்த சுருக்கங்கள் இன்னும் விரியாமல் இருந்தன. அந்த வீட்டில் பெண்கள் கை அப்படிப் பிழியாது. சோப்புப் போட்டு, தேய்த்து, மூன்று தண்ணீர் அலசியிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து தன்னுடைய சட்டையைக்கூட அலசிப்போடாதவன். துணி அவ்வளவு வெள்ளையாக அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். உள்ளே பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கியது. பட்டறையில் மூடி திறந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டியிருக்கவில்லை.

பம்ப் கொடுத்து, முதுகு நீவி, சூடாக டீ இரண்டு வாய் புகட்டி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அவள் கொடியிலிருந்து துணியை உருவி ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தாள்.

"அத எதுக்கண்ணி? அதுல என்ன இருக்கு இப்ப?"

"இருக்கட்டும்."

கூட்டம் காத்து ஆபீசின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. அன்று காலையும் அவள்தான் அதைத் துடைத்திருக்க வேண்டும். போகவில்லை. வேறு யாரையோ வைத்துத் துடைத்திருந்தார்கள். நடுவில் தொடங்கியிருக்கிறார்கள் என்பது சுவரோரத்தைப் பார்த்தால் தெரிந்தது. மேடையில் பொறியாளர், பக்கத்தில் பட்டறையின் மேனேஜர். கீழே தெரு. ஓரமாகச் சுவரில் சாய்ந்தபடி டெக்னீஷியன்.

பொறியாளர் மைக்கில் படித்தார். காலை நேரக் காற்றின் தரம் ஆண்டு முழுவதும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. ஆகவே பட்டறையின் அனுமதியைப் புதுப்பிப்பதற்கு ஆட்சேபம் இல்லை.

"நேத்து எரிஞ்ச சிவப்பு?" என்று நாத்தனார் கத்தினாள்.

"அது கருவிக் கோளாறும்மா. சரி பண்ணிட்டோம்."

அவள் எழுந்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசியதில்லை. தொண்டை அடைத்தது. பிள்ளைக்குத் தினமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதும் குரல் வந்துவிட்டது.

"கோளாறு இல்ல. நேத்துதான் அது சரியாக் காட்டுச்சு. தினமும் காலையில அதோட மூக்க மூடினது நான். இந்தத் துணியால. மூடச் சொன்னது உங்க ஆபீசு. நேத்தே உங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் இன்னைக்குப் படிக்கிறீங்க."

கூடம் இரைந்தது. மேனேஜர் அவள் கையிலிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "வெள்ளை வெளேர்னுல்ல இருக்கு?" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

அவள் டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார்."

அவன் தன் ஷூவைப் பார்த்தான். பொறியாளரைப் பார்த்தான். மறுபடியும் ஷூ.

"கட்டியிருந்துச்சு" என்றான். "நான் பாத்தேன். கறுப்பா இருந்துச்சு."

பொறியாளர் மைக்கைக் கிட்டே இழுத்தார். அவருடைய குரல் முன்னைவிடத் தன்மையாக இருந்தது.

"அப்படின்னா இதுவரைக்கும் எடுத்த பதிவ ஏத்துக்க முடியாது. புகை இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. புதுசா ஒரு வருஷம் அளவெடுப்போம். அதுவரைக்கும் பழைய அனுமதியே நீடிக்கும்."

புரிவதற்குத் தெருவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேனேஜருக்கு உடனே புரிந்தது; அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அவள் நடந்து போய் மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, பெருக்குகிறவள் மேடை ஏறினால் எதையோ எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஈரத் துணியை நாலாக மடித்து மைக்கின் தலையைச் சுற்றிப் போர்த்தினாள். இத்தனை நாள் பழகிய கை. இறுக்கமாகக் கட்டினாள்.

"இப்ப பேசுங்க சார்."

"என்னம்மா இது? எடுங்க அத" என்றார் அவர். அவர் வாய் அசைந்தது பின்வரிசை வரை தெரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட வரவில்லை.

"பேசினீங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே. ஏய், யாருக்காவது கேட்டுச்சா? அப்ப சார் பேசல. பேசவே இல்லன்னு வெச்சுக்கலாமா? இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் சாருக்கு வாய் இருக்கா இல்லயான்னு முடிவு பண்ணலாமா?"

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள் வாட்ச்மேன் வந்து அவள் அண்ணியின் தோளைத் தொட்டு, "வாம்மா, வாம்மா" என்று இறக்கிக் கூட்டிப் போனார். வாசலில் புது சூப்பர்வைசர் காத்திருந்தான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான். வெயில் ஏறிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. பலகையில் பச்சை எரிந்தது.

அன்று சாயங்காலம் உலைக்காரன் வந்தபோது வீட்டில் யாரும் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தில் நடந்ததைப் பட்டறையிலேயே கேள்விப்பட்டிருந்தான்.

"அனுமதி நீடிச்சிருக்கு. இனிப்பு குடுத்தாங்க" என்றான். "நான் வாங்கல."

அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் துவைச்சேன்."

"தெரியும்" என்றாள் அவள்.

"கறுப்பு லேசில போவவே இல்ல. தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருந்துச்சு." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கல."

"எவ்வளவு இருக்கும்னு நினைச்ச? தொறக்கிறது நீ. அது எங்க போவும்னு நினைச்ச? மேல போயி நட்சத்திரமா ஆவும்னு நினைச்சியா?"

அதற்குப் பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் பிள்ளை மட்டும்தான் பேசியது. அதற்கு அது நல்ல நேரம்.

மறுநாள் விடியலில் அவன் கிளம்பும்போது அவள் வாசலில் நின்றாள். வேலைக்குப் போக வேண்டியதில்லாத முதல் காலை. கையில் அந்தத் துணி.

"இத எடுத்துட்டுப் போ. மூடி தொறக்கும்போது மூஞ்சில கட்டிக்க."

"கட்டினா கிண்டல் பண்ணுவாங்க."

"பண்ணட்டும். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டா. துவைக்காம."

அவன் அவளையே பார்த்தான். உள்ளே பிள்ளை புரண்டு எழுகிற சத்தம் கேட்டது. இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை. அவன்தான் இன்னும் போய்த் திறக்கவில்லையே. துணியை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

பகல் முழுவதும் அவள் வீட்டைப் பெருக்கினாள், சுவரோரத்திலிருந்து.

சாயங்காலம் அவன் வந்தான். முகத்தில் மூக்குக்கு மேலே கறுப்பு, கீழே தோல் நிறம். கோடு போட்ட மாதிரி இருந்தது. பின்பக்கம் குழாயடிக்கு அவன் போகவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னல் கம்பிக்குப் போனான். சட்டைக்குள்ளிருந்து துணியை எடுத்து, நான்கு மூலையும் விரியும்படி அதில் கட்டினான். போகிறவர்கள் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர் கிட்டே வந்து விரலால் தொட்டு, விரலைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குள்ளே போனார்.

உலைக்காரன் உள்ளே வந்து, தண்ணீர் கேட்காமல், அவளிடம் கையை நீட்டினான்.

"நாளைக்கு வேற துணி குடு" என்றான்.